நம்பர் குத்திய முள்

டிபன் கேரியரின் அடித்தட்டில் இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்த வாட்ச்மேன் வீரமலை கையை வெடுக்கென்று உதறினான். ஆள்காட்டி விரலில் ரத்தம் துளிர்த்தது.

“என்ன மேஸ்திரி, தேளைப் பிடிச்சு சோத்துக்கு அடியில வச்சிருக்கீங்க?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கேரியருக்குரிய மேஸ்திரி இருதயநாதனும் சிரித்தார். அப்படிச் சிரித்ததற்காக அவர் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

பொட்டலத்தில் நான்கு தூண்டில் முட்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். நெருப்பில் பதம் கண்டு எண்ணெயில் இறங்கிய இரும்புக்கு வரும் கருநீலம். தூண்டில் நரம்பு கட்டுவதற்காகத் தட்டையாக அடித்திருந்த தலையில் எறும்பு அளவில் ஓர் எண் குத்தியிருந்தது: 17.

“வால்வு ஸ்பிரிங் கம்பில்ல இது?” என்றான் வீரமலை. குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “நம்ம ஷெட்டுக் கம்பியா?”

“ஒடைஞ்ச கம்பிப்பா. காயலான் கடைக்குப் போறது.”

“ஒடைஞ்சதோ முழுசோ, கேட்டைத் தாண்டினா நோட்டுல ஏத்தணும்னு உத்தரவு. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குண்ணே.”

அவன் நோட்டை எடுத்து எழுதினான். இருதயநாதன் எட்டிப் பார்த்தார். ‘இருதயநாதன், ஸ்பிரிங் பிரிவு. தூண்டி முள் நாலு. திருட்டு.’

“அந்தக் கடைசி வார்த்தையை அடி.”

“அது எல்லாருக்கும் எழுதுறதுதாண்ணே.”

திருச்சி மன்னார்புரத்தில் இருந்த அந்தப் பஸ் கம்பெனி ஷெட்டில் ஒரு மாதத்துக்கு முன் இரண்டு டைனமோக்கள் காணாமல் போயிருந்தன. அன்றிலிருந்து சாயங்காலச் சங்கு ஊதியதும் வாசலில் சோதனை. நோட்டில் பெயர் ஏறினால் வேலை போகும். அடுப்பு மூட்டுவதற்காக டீசலில் நனைந்த ஒரு பிடி பஞ்சை மடியில் கட்டிக்கொண்டு போன கிளீனர் ஒருவன் அப்படித்தான் போனான். இருதயநாதனுக்கு அந்த ஷெட்டில் பத்தொன்பது வருஷம். அந்த வருஷம், 1961 ஜூனில்தான், அவர் மகள் சகாயராணி பி.யு.சி.யில் சேர்ந்திருந்தாள். பாலக்கரையில் அவர்கள் சந்திலிருந்து காலேஜுக்குப் போகும் முதல் ஆள் அவள்.

அந்த முட்களை அவர் ஒளிக்கவில்லை. இடுப்பில் செருகினால் குத்தும், சட்டைப் பையில் போட்டால் துணி கிழியும் என்றுதான் காகிதத்தில் சுற்றி, காலியான அடித்தட்டில் போட்டார். பார்க்கிறவர்களுக்கு அது ஒளித்தது போலத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தனக்காக எடுத்துப் போகிறவனுக்குத்தான் அந்தப் பயம் இருக்கும். இவரோ இன்னொருவர் சொல்லிச் செய்தவர்.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸின் பாரத்தையெல்லாம் அடியில் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள். நல்ல பதத்தில் இறக்காத பட்டை பள்ளத்தில் விழுந்ததும் பட்டென்று உடையும். நாற்பது பேரோடு பஸ் நடுவழியில் நிற்கும். அதனால் யார் பதம் வைத்தானோ அவன் தன் நம்பரைப் பட்டையில் குத்த வேண்டும் என்பது அந்த ஷெட்டின் முறை. உடைந்தால் நம்பரைப் பார்த்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள். இருதயநாதனின் நம்பர் பதினேழு. பத்தொன்பது வருஷத்தில் பதினேழு இரண்டே முறை உடைந்தது. நாகப்பட்டினம் தடத்து டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன் குனிந்து பார்த்து, “பதினேழு போட்டிருக்கா?” என்று கேட்பார்கள்.

அதிலிருந்து, எதைச் செய்தாலும் முடிவில் அவர் கை நம்பர் அச்சைத் தேடும். வீட்டு அரிவாள்மனையில் பதினேழு. அற்புதம்மாள் சுருட்டு நறுக்கும் கத்தியில் பதினேழு. “என் நெத்தியில மட்டுந்தான் இன்னும் குத்தல,” என்பாள் அவள். தூண்டில் முள்ளுக்கென்று தனியாகக் குட்டி அச்சே செய்து வைத்திருந்தார்.

முள் செய்யும் பழக்கம் செப்பிலி மீனால் வந்தது.

அவருடைய அம்மா நாகப்பட்டினத்துக்காரி. கடுவையாறு கடலில் சேரும் இடத்தைச் சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். ஐப்பசியில் முதல் மழைத் தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்கி வரும். கடல் ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் அதை முட்டித் தள்ளும். இரண்டும் கலக்கும் கோட்டில் இறாலும் குட்டி மடவை மீனும் திணறித் திரியும். அவற்றைத் தின்னக் கடலிலிருந்து செப்பிலி உள்ளே வரும். புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தின் நிறம் அதற்கு. வாயோரத்தில் நாய்க்கு இருப்பது போலப் பல். உயிர் இறாலைக் கவ்வும், கவ்விய அடுத்த நொடி பழைய படகுத்துறையின் மரத்தூண்களைப் பார்த்து ஓடும். ஒரு முழம் விட்டுக் கொடுத்தால் போதும். தூணைச் சுற்றி நரம்பை அறுத்துவிடும். விடாமல் பிடித்தால் கடையில் வாங்கிய முள் நிமிர்ந்து ஆணி போலாகிவிடும். இருதயநாதனின் முள் நிமிராது, உடையாது. பஸ்ஸைத் தாங்கும் கைப்பதம் அது.

கார்த்திகைக் குளிர் இறங்கும்வரை ஆறேழு வாரம். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் கம்பெனி பஸ்ஸில் இலவசமாகப் போவார், மாமன் வீட்டில் படுப்பார், விடிந்ததும் ஆற்று முகத்தில் நிற்பார். வருஷம் முழுக்க நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகள்தான் தண்ணீர்.

போன வருஷம் ஐப்பசியில் அங்கே ஒரு குரல் கேட்டது.

“நீ நம்ம ஷெட்டு பதினேழாம் நம்பர்தானே?”

திரும்பினால் சின்ன முதலாளி. பெயர் சௌரிராஜன். கிண்டியில் என்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்பெனிக்கு மானேஜராக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். முழங்கால் சேறு, கையில் சக்கரம் வைத்த பிரம்பு, சக்கரத்தில் பச்சை நைலான் நரம்பு. மெட்ராஸில் படிக்கும்போது சிநேகிதர்களோடு அடையாற்று முகத்தில் பழகியதாம். அன்று காலையில் மட்டும் மூன்று மீன் கைக்கு வந்து நழுவியிருந்தது. நிமிர்ந்துபோன மூன்று கடை முட்களையும் காட்டினான்.

இருதயநாதன் தன் பையிலிருந்து ஒரு முள்ளை எடுத்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பிரம்பு வில்லாக வளைந்தது.

“விடாதீங்க சின்ன ஐயா! பின்னால நடங்க, பின்னால! தூணுக்கு விடாதீங்க!”

“மேஸ்திரி, பிடிங்கோ, பிடிங்கோ! ஐயோ, என்னமா இழுக்கறது!”

சேற்றில் உட்கார்ந்து, எழுந்து, செருப்பை விட்டு, கடைசியில் மீனை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னக் குழந்தை போலக் குதித்தான் அந்த மானேஜர். அப்போதுதான் இருதயநாதன் கவனித்தார்: ‘நீ’ எப்போதோ ‘நீங்கோ’ ஆகியிருந்தது.

“வீட்டுக்குக் கொண்டு போகலியா?”

“எங்காத்துக்கா?” சௌரிராஜன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஸ்ரீரங்கம் சித்திரை வீதி மேஸ்திரி. எங்காத்துல வெங்காயமே வாசப்படி தாண்டாது. இது வந்தா அப்பா நேரே கொள்ளிடத்துக்குப் போயிடுவார். நீங்கோ எடுத்துண்டு போங்கோ.”

“அப்ப இங்க வர்றதுக்கு வீட்டுல என்ன சொல்வீங்க?”

“என் பேரே சௌரிராஜன். பக்கத்துல திருக்கண்ணபுரம். பெருமாளைச் சேவிக்கப் போறேன்னு சொன்னா யார் வேண்டாங்கப் போறா? போறச்சே நிஜமாவே சேவிச்சுட்டு, பிரசாதமும் வாங்கிண்டு போயிடுவேன்.” பிறகு பச்சை நரம்பைச் சுண்டிக் காட்டினான். “இதுல மிச்சம் இருந்ததைக் கயிறுன்னு நெனச்சு அம்மா மாடியில கொடியாக் கட்டிட்டா. அப்பாவோட மடி வேஷ்டி இப்ப தூண்டி நரம்புலதான் உலர்றது!”

இருதயநாதனும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த ஆண்டின் மிச்ச ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. திங்கட்கிழமை ஷெட்டில் அதே ஆள் ‘நீ’ என்பான். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இப்போது அவரை அரித்தது.

இந்த வருஷம் ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய செப்பிலி சௌரிராஜனின் நரம்பைத் தூணில் அறுத்துக்கொண்டு போயிற்று. அதோடு அவனிடம் இருந்த கடைசிப் பதினேழும் போயிற்று. செவ்வாய்க்கிழமை ஸ்பிரிங் பிரிவுக்கு வந்தவன் மெதுவாகச் சொன்னான்:

“நாலு முள்ளு பண்ணிடு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு. ஆபீசுல குடுக்காதே, நாலு பேர் பார்ப்பா. அங்கயே எடுத்துண்டு வந்துடு.”

“கம்பி ஷெட்டுக் கம்பி சின்ன ஐயா. வாசல்ல சோதனை இருக்கே.”

“நான்தானே சொல்றேன்.”

இந்த இரண்டு சொற்களை நம்பித்தான் அவர் வியாழக்கிழமை வாசலுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்க, பெரியவர் பொட்டலத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“மீன் புடிக்கறதா? மேஜையில வைக்காதே. கீழ வை. ஏம்ப்பா இருதயம், உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை. யாருக்குப் பண்ணினே?”

சௌரிராஜன் ஜன்னல் ஓரம் நின்று டிரிப் ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். இருதயநாதன் அவனைப் பார்த்தார். அவனே சொல்வான் என்று காத்திருந்தார். ஒரு தாள் புரண்டது. இன்னொரு தாள் புரண்டது.

“சின்ன ஐயா கேட்டாங்க.”

மேலே மின்விசிறி கடகடத்தது. சௌரிராஜன் நிமிர்ந்தான்.

“நானா? எனக்கு எதுக்குப்பா தூண்டி முள்ளு? நீ என்ன உளர்றே?”

பெரியவர் கோபப்படக்கூட இல்லை. அவருக்கு அது அவ்வளவு அபத்தமாக இருந்தது. “என் பிள்ளை மீன் முள்ளு கேட்டானா? எங்க வீதியில போய்ச் சொல்லிப் பாரு, உன்னைப் பார்த்துச் சிரிப்பா. பத்தொன்பது வருஷம் இருந்தவன்னு பார்க்கறேன். திங்கக்கெழமை வரைக்கும் டயம். ‘திருடினேன், மன்னிக்கணும்’னு எழுதிக் குடு, வச்சுக்கறேன். இல்லேன்னா கணக்கைத் தீர்த்துண்டு போ.”

இருதயநாதன் ஏதாவது சொன்னால் கத்திவிடுவோம் என்று பயந்து வெளியே வந்தார்.

வீட்டில் அற்புதம்மாள் முறத்தை மடியில் வைத்துச் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையை நிறுத்தவில்லை.

“எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஒரு வரிதானே? கை தேஞ்சா போயிடும்?”

“செய்யாததைச் செஞ்சேன்னு எழுதச் சொல்றியா?”

“நான் சொல்லலைங்க. வீட்டுல ரெண்டு வேளை உலை கொதிக்கணும்ல, அது சொல்லுது. இவ காலேஜு சொல்லுது.”

சகாயராணி புத்தகத்தை மூடினாள்.

“அப்பா, கோபப்படாம சொல்லுங்க. இத்தனை வருஷமா உங்களுக்குச் செஞ்ச முள்ளெல்லாம் எந்தக் கம்பி?”

“அதே காயலான் கம்பிதான். எல்லாரும் எடுக்கிறது. ஃபோர்மேன் வீட்டுக் குழந்தைக்கு மூணு சக்கர சைக்கிளே அங்கதான் செஞ்சோம்.”

“அப்ப சின்ன முதலாளி சொல்லாம இருந்தாலும் எடுத்திருப்பீங்க.”

“என்னடி சொல்ற? உன் அப்பன் திருடன்னு காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?”

அவள் முகம் சுருங்கியது. “இல்லப்பா. அவங்க அதைக் கேட்டா நீங்க என்ன பதில் சொல்வீங்கன்னு யோசிச்சேன்.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். காந்தி மார்க்கெட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். மகளிடம் பதில் சொல்லத் தெரியாத கோபம் ஒரு பக்கம். அவள் கேட்டதில் நியாயம் இருந்த கோபம் இன்னொரு பக்கம். நானும் எடுத்தேன்தான். ஆனால் இந்த நாலு முள்ளு நான் எடுத்தது இல்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை மத்தியானம் மேலப்புதூர் முக்கில் ஓர் ஆஸ்டின் கார் அவர் பக்கத்தில் வந்து நின்றது. சௌரிராஜன் கண்ணாடியை இறக்கினான். கண்கள் சிவந்திருந்தன.

“மேஸ்திரி, எழுதிடுங்கோ. ஆறு மாசத்துல நான் எல்லாம் சரி பண்ணிடறேன். தை மாசம் எனக்குக் கல்யாணம். பொண்ணாத்துக்காரா கும்பகோணத்துல வேத பாடசாலை நடத்தறவா. உங்களுக்குப் புரியும்.”

“நல்லாப் புரியுது. நாளைக்கு ஆத்து முகத்துக்கு வருவீங்களா?”

“இந்த நெலமையில எப்படி வர முடியும்?”

“அப்ப இங்க எதுக்கு ‘நீங்கோ’? ஆபீசுல சொன்னீங்கள்ல ‘நீ’ன்னு, அதையே சொல்லுங்க. காதுக்குப் பழகிடுச்சு.”

கார் போனதும் ஒரு கல்லை எடுத்தார். எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்.

நாகப்பட்டினம் பஸ்ஸில் கண்டக்டர் காஜா மைதீன் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“மேஸ்திரி, ஃப்ரீ லிஸ்டுல பேரை அடிச்சுட்டாங்க. டிக்கெட் வாங்கிக்கங்க. சொல்லவே வாய் கூசுது எனக்கு.”

தான் பதம் வைத்த பட்டைகளின் மேல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து போனார் இருதயநாதன். தஞ்சாவூர் தாண்டிய பள்ளங்களில் பஸ் குதிக்கும்போதெல்லாம் அடியில் பதினேழு வளைந்து கொடுத்தது. அன்றைக்கு மட்டும் அது உடைந்து தொலையட்டும் என்று நினைத்தார். உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கடல் ஏறத் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீர் செங்காவி, கடலோரம் பச்சை, நடுவில் நுரைக்கோடு. இருதயநாதன் பருத்திக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, உயிர் இறாலை வால் பக்கம் கோத்து, தூண்களுக்கு மேற்கே வீசினார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினார். திட்டத் திட்டக் கோபம் குறையவில்லை, கூடியது.

எட்டு மணிவாக்கில் கயிறு விரலை அறுத்தது.

இழுப்பிலேயே தெரிந்தது, பெரிசு. நேரே தூணுக்கு ஓடியது. அவர் குதிகாலைச் சேற்றில் ஊன்றினார். ஒரு விரற்கடைகூட விடவில்லை. வேறு நாளாக இருந்தால் கொஞ்சம் விளையாட விட்டிருப்பார். அன்று அவருக்கு யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கும் மனசு இல்லை. கயிறு உள்ளங்கையில் இறங்கி ரத்தம் கசிந்தது. “வா! வந்து பாரு!” என்று கத்தினார். தண்ணீருக்குள் செம்பு ஒருமுறை மின்னிப் புரண்டது. பத்து நிமிஷத்தில் சேற்றுக்கு இழுத்து, கழுத்தில் காலை வைத்தார்.

வாயைத் திறந்தபோது இரண்டு முட்கள் இருந்தன.

ஒன்று அவர் இப்போது போட்டது. இன்னொன்று தாடையின் மூலையில், சதை மூடத் தொடங்கி, லேசாகத் துருவேறி. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை நைலான் நரம்பு தொங்கியது. பேனாக்கத்தியால் கீறி எடுத்துச் சட்டையில் துடைத்தார். எறும்பு அளவில் எழுத்து: 17.

போன ஞாயிற்றுக்கிழமை அறுந்த நரம்பு. முதலில் அவர் மனதில் வந்தது ஒரு கெட்ட யோசனை. இந்த மீனை அப்படியே, முள்ளும் நரம்புமாக, கூடையில் போட்டுச் சித்திரை வீதிக்குக் கொண்டுபோய் வாசல் கோலத்தின் மேல் வைத்தால் என்ன? திருச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் தஞ்சாவூர் வரைக்கும் அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பெரியவர் முகம் தெரிந்தது, சின்னவன் முகம் தெரிந்தது, நன்றாக இருந்தது. பிறகு அந்தக் கோலத்தைப் போட்ட பெண்பிள்ளை யாரோ, அவள் முகமும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மீன் பாலக்கரையிலேயே குழம்பாயிற்று. அவர் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை பெரியவரின் மேஜை மேல் அந்த முள்ளை நரம்போடு வைத்தார்.

“கடுதாசி கொண்டு வந்தியா?” என்றார் பெரியவர். பிறகு பார்த்தார். “மறுபடியும் இதையா? எடு, எடு!”

“நேத்து ஒரு மீன் வாயில இருந்துச்சு ஐயா. முள்ளு நான் செஞ்சது. நரம்பு என்னோடது இல்ல. நான் பருத்திக் கயிறு. இந்தப் பச்சை நரம்பு நாகப்பட்டினத்துலயே கிடையாது, மெட்ராசுல வாங்கினது. யாரோடதுன்னு உங்களுக்கே தெரியும்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க வீட்டு மாடியில மடி வேட்டி காயுற கொடியும் இதுவும் ஒண்ணான்னு பாருங்க.”

அன்றும் ஜன்னல் ஓரம் நின்றிருந்த சௌரிராஜனின் கையிலிருந்த தாள்கள் கீழே விழுந்தன. பெரியவர் ஒரு விரலை நீட்டினார். நரம்பைத் தொடாமல், அதற்கு மேலேயே நிறுத்தினார். விரல் அப்படியே நின்றது. பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் குனிந்து தாள்களைப் பொறுக்கினான். பொறுக்கி முடித்த பிறகும் நிமிரவில்லை. பெரியவர் தன் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை மெல்ல எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். அதை என்ன செய்வதென்று தெரியாதவர் போல இருந்தார்.

அந்த ஒரு நிமிஷம் இருதயநாதனுக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தைந்து வயசுப் பெரியவரின் வேட்டியை இழுத்திருக்க வேண்டுமா? வேறு வழி இருந்ததா? தெரியவில்லை.

“கதவைச் சாத்து,” என்றார் பெரியவர். சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார். “நாளையிலேர்ந்து வேலைக்கு வா. கடுதாசி ஒண்ணும் வேண்டாம். வெளியில மூச்சு விடாதே.”

வந்த வெட்கம் போய், கோபம் திரும்பி வந்தது.

“நோட்டுல ‘திருட்டு’ன்னு எழுதியிருக்கு ஐயா. அதை அடிச்சுட்டு, யார் சொல்லிச் செஞ்சதுன்னு சின்ன ஐயா கையால எழுதணும்.”

“எழுதினது எழுதினதுதான். யார் பார்க்கப் போறா?”

“நான் பாப்பேன். தெனம் அந்த வாசல்லதான் போய் வரணும்.”

“வேலை குடுக்கறேன்கறேன். இன்னும் என்ன?”

“பட்டை ஒடைஞ்சா என் நம்பரைப் பாத்துச் சம்பளத்துல பிடிச்சீங்க. ரெண்டு தடவை. வாயைத் திறக்கல, நான் வச்ச பதம்தானேன்னு விட்டேன். இப்ப சின்ன ஐயா குடுத்த வாக்கு ஒடைஞ்சிருக்கு. அதுல எந்த நம்பர் ஐயா குத்தியிருக்கு?”

“அதிகமாப் பேசறே.”

“பத்தொன்பது வருஷமாப் பேசல.”

சௌரிராஜன் ஒரு தடவை வாயைத் திறந்தான். அவன் கை பேனாப் பக்கம் போனது போலக்கூட இருந்தது. பெரியவர் அவனைப் பார்த்தார். கை நின்றது. இருதயநாதன் சட்டைப் பையிலிருந்து இரண்டு இரும்பு அச்சுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று, ஏழு.

“இது கம்பெனியோடது. ஒப்படைச்சுட்டேன். இதையும் திருட்டுன்னு எழுதிடாதீங்க.”

வாசலில் வீரமலை எழுந்து நின்றான். “போங்கண்ணே, சோதனையெல்லாம் வேணாம்.”

“பாரு.”

“அண்ணே...”

“பாருடா!” பையைக் கவிழ்த்தார். துண்டு, காலி டிபன் கேரியர், வெற்றிலைப் பொட்டலம். ஸ்பிரிங் பிரிவிலிருந்து சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. யாரும் வெளியே வரவில்லை. யாராவது ஒருவன் வருவான் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

தஞ்சாவூர் ரோட்டில் லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் சேக் மைதீன் பட்டறையில் ஒரு மாதம் கழித்துச் சேர்ந்தார். கூலி குறைவு. அற்புதம்மாள் தினமும் கூடுதலாக இருநூறு சுருட்டு சுற்றினாள். சுற்றும்போதெல்லாம், “ஒரு வரிதானே கேட்டாங்க,” என்றாள். சகாயராணியின் காலேஜ் நிற்கவில்லை. அவள் அன்று கேட்ட கேள்வியை அவர் மறக்கவும் இல்லை. சேக் மைதீனிடம் முதல் நாளே, “உடைஞ்ச கம்பி எனக்கு வேணும். வெலை சொல்லுங்க,” என்றார். பட்டறைக்காரர் முறைத்தார். “காயலான் கம்பிக்கு வெலையா? பைத்தியமா மேஸ்திரி உங்களுக்கு? எடுத்துக்குங்க.” இருதயநாதன் விடவில்லை. எடை போட்டு, நாலணா கொடுத்துத்தான் எடுத்தார்.

அந்தப் பட்டறையில் நம்பர் குத்தும் வழக்கமே இல்லை. அவர் புதிதாக ஒன்றும் ஏழும் வெட்டிக்கொண்டார். கம்பெனி டிரைவர்கள் சிலர் வண்டியை ஓரம் கட்டிக் கீழே படுத்து, தேய்ந்த பதினேழுகளைக் காட்டி, “மாத்தினா தாங்குமா மேஸ்திரி?” என்று கேட்பார்கள். “எங்கிட்ட கேக்காத. இப்ப ஷெட்டுல யார் பதம் வைக்கிறானோ அவனைக் கேளு,” என்பார். சொல்லிவிட்டு, எழுந்து போய்க் குனிந்து பார்ப்பார்.

அடுத்த ஐப்பசியும் வந்தது. தண்ணீர் சிவந்தது. ஆற்று முகத்தில் தூண்களுக்கு மேற்கே இருதயநாதன் நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு செப்பிலி துடித்துக்கொண்டிருந்தது. சேற்றில் யாரோ நடந்து வரும் சத்தம். திரும்பவில்லை. பச்சை நரம்பு காற்றில் விசிறுவதை ஓரக்கண்ணால் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பிரம்பு வளைந்தது, பிறகு பட்டென்று நிமிர்ந்தது. அவர் பார்க்காமலேயே சொல்வார்: முள் ஆணியாகியிருக்கும்.

மறுபடி ஒருமுறை. மறுபடியும் அதே.

“மேஸ்திரி,” என்றான் சௌரிராஜன். குரல் தயங்கியது. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தான். விரலில் கல்யாண மோதிரம். “ஒரு முள்ளு இருக்குமா?”

“இருக்கு,” என்றார் இருதயநாதன்.

பையிலிருந்து ஒன்றை எடுத்தார். தலையில் பதினேழு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சௌரிராஜன் கையை நீட்டினான். இருதயநாதன் அந்த முள்ளைத் தன் கயிற்றில் கட்டி, இறாலைக் கோத்து, நுரைக்கோட்டுக்கு அப்பால் வீசினார்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. நீட்டிய கை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.